அஞ்சே நிமிஷமாம்!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நெருங்கினாலே எனக்கு எரிச்சல் தலைக்கேறுகிறது. வீட்டிலிருந்து வண்டியை வெளியே எடுக்க முடியாது. வெளியே போயிருந்தால் உள்ளே கொண்டுவர முடியாது. தெருக்கோடியில் ஒரு பூங்கா இருக்கிறது என்பதற்காக மொத்தத் தெருவையும் வருகிறவர்களுக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டார்களா?

வாசல் கேட்டை அடைத்தபடி ஒரு கார் நிற்கும். நாலு மூலையிலும் விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். அந்த விளக்கைப் போட்டுவிட்டால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ! உள்ளே ஆள் இருக்க மாட்டார். பூங்காவுக்குள் போய்த் தேடிப் பிடித்தால், "அஞ்சே நிமிஷம் சார், குழந்தை ஊஞ்சல் ஆடிட்டு வந்துடும்" என்பார். உலகத்தில் எந்தக் குழந்தை அஞ்சு நிமிஷத்தில் ஊஞ்சலை விட்டு இறங்கியிருக்கிறது?

இதைச் சொன்னால் போதும், "பூங்கா பக்கத்துலயே வீடு, கொடுத்து வச்சவங்க, அப்புறம் என்ன புலம்பல்?" என்று கிளம்பிவிடுகிறார்கள். யாரும் பூங்காவுக்கு வரக்கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? தாராளமாக வரட்டும். என் கோபமெல்லாம் இதைத் திட்டமிட்டவர்கள் மேல்தான். பெரிய சாலைப் பக்கம் அகலமான முன்வாசல் இருக்கிறது, வண்டி நிறுத்த இடமும் இருக்கிறது. ஆனால் ஊஞ்சலும் சறுக்குமரமும் பின்பக்கம். பின்வாசல் திறப்பது எங்கள் தெருவில். அப்படியிருக்க யார்தான் முன்வாசலில் இறங்கி அவ்வளவு தூரம் நடப்பார்கள்? போதாக்குறைக்குக் கைபேசி வரைபடம் வேறு எல்லோரையும் நேராகப் பின்வாசலுக்கே கூட்டிவருகிறது. சீக்கிரம் போகிற வழி எது என்பது மட்டும்தான் அதன் கவலை. தெரு தாங்குமா, தாங்காதா என்பது அதற்கு எதற்கு?

தாங்காது. கணக்குப் போட்டே காட்டுகிறேன். தெருவின் அகலம் 6 மீட்டர். ஒரு கார் சுமார் 1.8 மீட்டர். இரண்டு பக்கமும் நிறுத்தினால் நடுவில் மிஞ்சுவது 2.4 மீட்டர். தீயணைப்பு வண்டியின் அகலமே ஏறக்குறைய 2.5 மீட்டர். ஞாயிறு சாயங்காலம் எங்கள் தெருவில் எந்த வீடும் தீப்பிடிக்கக்கூடாது என்று யாராவது உத்தரவு போட்டால் தேவலை.

இடம் கிடைக்காதவர்கள் போய்விடுவதும் இல்லை. சுற்றிச் சுற்றி வருகிறார்கள். மூன்றாவது சுற்றில் பொறுமை போய்விடும், ஆக்சிலரேட்டரை மிதிப்பார்கள். ஆட்களும் வண்டிகளும் கலந்து நடமாடும் தெருக்களில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. 50-ல் வருகிற வண்டி, ஓட்டுபவர் கவனித்துப் பிரேக் போட்டு நிற்பதற்குள் 20 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். இரண்டு பெரிய கார்களுக்கு நடுவிலிருந்து ஒரு சின்னப் பிள்ளை பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிவந்தால் அதன் தலைகூட ஓட்டுபவர் கண்ணில் படாது. இத்தனைக்கும் அது அவர்களைப் போலவே பூங்காவுக்கு வந்த யாரோ ஒருவருடைய பிள்ளையாகத்தான் இருக்கும்.

புகார் கொடுக்கவில்லையா என்று கேட்காதீர்கள். தெரு மொத்தமும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். வந்தார்கள், தெருவுக்குக் குறுக்கே கறுப்பு ரப்பர் குழாய் ஒன்றைப் பதித்து வண்டிகளை எண்ணினார்கள். எப்போது? செவ்வாய், புதன், வியாழன்! வார நடுவில்தான் எண்ணுவது வழக்கமாம். ஆபீஸ் போகிற நெரிசலை அளப்பதற்கு அது சரி. பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு யார் வருகிறார்கள்? நடைப்பயிற்சிக்கு வரும் நாலு பெரியவர்கள், அவர்களும் நடந்தே வருகிறார்கள். கிடைத்த எண்ணிக்கையை 24 மணி நேரத்துக்கும் பரப்பி ஒரு சராசரி எடுத்து, "போக்குவரத்து வரம்புக்குள்தான் உள்ளது" என்று பதில் கடிதம். நள்ளிரவு இரண்டு மணிக்குத் தெரு காலியாக இருக்கிறது என்பது எங்களுக்கும் தெரியும் ஐயா.

கடிதத்தோடு ஒரு பலகையும் வந்தது: "குடியிருப்போருக்கு இடையூறு செய்யாதீர்." அதை ஒட்டியே தினமும் ஒரு வண்டி நிற்கிறது. நிழல் நன்றாக விழுகிற இடம்.

வண்டி நிறுத்துவது இலவசம் என்றால் அதற்கான செலவை வேறு யாரோ சுமக்கிறார்கள் என்று டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர் காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இங்கே அந்த வேறு யாரோ நாங்கள்தான். கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. ஊஞ்சலை முன்பக்கம் மாற்ற வேண்டாம். சனி ஞாயிறு சாயங்காலங்களில் குடியிருப்பவர்களைத் தவிர மற்றவர்கள் தெருவில் வண்டி நிறுத்தாமல் பாருங்கள். வரைபடத்தில் பூங்காவின் வாசல் பெரிய சாலையில் இருப்பதாகத் திருத்தச் சொல்லுங்கள், அதற்குக் காசுகூட ஆகாது. அப்புறம் மறுபடி எண்ணுங்கள், இந்த முறை ஞாயிறு சாயங்காலம். வரும்போது மட்டும் நடந்து வந்துவிடுங்கள். உங்கள் வண்டியை நிறுத்த இடம் இருக்காது.