கிழங்கு எடுத்த காட்டிலேயே மறுபடியும் கிழங்கு போடச் சொல்லாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை தேக்கா கோப்பிக்கடையில் ஊர்க்காரத் தம்பி ஒருவரைப் பார்த்தேன். "அண்ணே, உருளைக்கிழங்குக்கு நல்ல விலையாம். போன போகம் போட்ட காட்டுலயே மறுபடியும் போடச் சொல்லி அப்பாவுக்குப் பணம் அனுப்பப் போறேன்" என்றார். வேண்டாம் என்றேன். நின்றபடி முழுசாகச் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். சிங்கப்பூர் வெள்ளியைச் சேர்த்து ஊர்க்காட்டு விவசாயத்தில் போடும் எல்லாருக்கும்தான்.

எங்கள் ஊர் கொடைக்கானல் மேல்மலை, மன்னவனூர்ப் பக்கம். காட்டைப் பார்ப்பது என் தம்பி. சில வருஷங்களுக்கு முன் நானும் இதையேதான் செய்தேன். விலை ஏறுகிறதென்று மூன்று போகம் தொடர்ந்து உருளைக்கிழங்கே போடச் சொன்னேன். பணம் அனுப்புகிற அண்ணன் சொல்கிறானே என்று அவன் மறுத்துப் பேசவில்லை. மூன்றாவது போகத்தில் காட்டுக்கு நடுவே வட்டம் வட்டமாகச் செடிகள் குட்டையாக நின்றன, வெயில் ஏறினால் வாடின. தண்ணீர் பற்றவில்லை என்றுதான் நினைத்தோம். ஒருநாள் வீடியோ அழைப்பில் ஒரு செடியைப் பிடுங்கி, மண்ணை மெதுவாக உதறி, வேரைப் போனுக்குக் கிட்டே கொண்டுவந்தான். வெள்ளை வேர் முழுக்க குண்டூசித் தலையைவிடச் சின்னதாக மஞ்சள் மணிகள். "பாசி கோத்த மாதிரி இருக்குண்ணே" என்றான்.

அதுதான் வேரை உறிஞ்சி வாழும் முட்டைக்கூடு நூற்புழு. நீலகிரியில் 1961லேயே கண்டுபிடித்தது, கொடைக்கானல் மலையிலும் உண்டு. அந்த மணி ஒவ்வொன்றும் ஒரு பெண் புழு. செத்ததும் உடம்பு பழுப்பேறிக் கெட்டியான கூடாகிவிடும். உள்ளே நூற்றுக்கணக்கில் முட்டை, இருபது வருஷம்கூட மண்ணில் கிடக்கும். உருளைக்கிழங்கு வேரின் கசிவு பட்டால்தான் பெரும்பாலான முட்டைகள் பொரியும். ஆக, கிழங்கு எடுத்த இடத்திலேயே கிழங்கு போடுவது புழுவுக்குப் பந்தி போடுவதுதான். கிழங்கில்லாத வருஷங்களில் புழு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், முழுக்க ஒழியாது.

விதைக்கிழங்கு மட்டும் ஏக்கருக்கு ஏறக்குறைய ஒரு டன் வேண்டும். செலவில் பெரும்பங்கு அதற்கே போகிறது. அவ்வளவையும் புழுப் பிடித்த மண்ணில் போட்டுவிட்டு, மண்டி விலையைப் பார்த்து லாபம் கணக்குப் போடுவதில் அர்த்தமே இல்லை. ஒரு காட்டின் லாபத்தை ஒரு போகத்தில் பார்க்காதீர்கள், நாலு வருஷத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

இப்போது காட்டை நாலு துண்டாகப் பிரித்திருக்கிறோம். எந்த வருஷமும் ஒரு துண்டில்தான் கிழங்கு. அதனால் கிழங்கு வருமானம் எந்த வருஷமும் நிற்பதில்லை, ஆனால் ஒரு துண்டுக்கு அது திரும்பி வர நாலு வருஷம் ஆகிறது. சாணி எருவை எல்லாம் கிழங்குக்கே கொடுத்துவிடுகிறோம். அடுத்து அங்கே கேரட். புது எரு போட்ட மண்ணில் கேரட் இரண்டு காலாகப் பிளந்துவிடும், மண்டியில் அதை ஒதுக்கிவிடுவார்கள். கிழங்கு வெட்டியெடுத்த மண்ணோ பொலபொலவென்று இருக்கும், மிச்ச உரமும் இருக்கும், அதில் நேராக இறங்குகிறது. அப்புறம் பீன்ஸோ பட்டாணியோ, அது மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும். நாலாவதாகப் பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: கட்டித் தொங்கவிட்டுப் புகை காட்டி வைத்தால் பூண்டு மாதக்கணக்கில் நிற்கும். வடுகபட்டிச் சந்தையில் விலை விழுந்தால் பொறுத்திருந்து கொண்டுபோகலாம். மற்றக் காய்க்கு அந்த வசதி ஏது?

முட்டைக்கோஸையும் இடையில் சேர்க்கலாம். ஆனால் அதையும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் வேர் வீங்கும் நோய் வந்துவிடும். தக்காளியையும் கத்தரியையும் மாற்றுப் பயிராக நினைக்காதீர்கள், இரண்டும் கிழங்கின் குடும்பம்தான், இந்தப் புழு அவற்றிலும் வளரும். குஃப்ரி ஸ்வர்ணா போல இதைத் தாங்கும் கிழங்கு ரகங்கள் உண்டு. போடுங்கள், ஆனால் அதை நம்பி சுழற்சியை விட்டுவிடாதீர்கள்.

பலர் கோட்டைவிடுவது இன்னொரு இடத்தில். அறுவடையில் தப்பின கிழங்கு அடுத்த வருஷம் கேரட்டுக்கு நடுவே தானாக முளைக்கும். சும்மா வந்ததுதானே என்று விட்டுவைப்பார்கள். பத்துச் செடி நின்றாலும் புழுவுக்குச் சாப்பாடு கிடைத்துவிடும். என் தம்பி இதற்கென்றே ஒரு நாள் ஒதுக்கி, வரிசை வரிசையாக நடந்து பிடுங்குகிறான்.

கேரட், பீன்ஸ் வருமானம் கிழங்கு நல்ல விலைக்குப் போன வருஷத்து வருமானத்துக்கு ஈடாகாது என்று சொல்வீர்கள். சரி, உண்மைதான். ஆனால் எங்கள் மூன்றாவது போகத்தில் போட்ட விதைக்காசுகூடத் திரும்பவில்லை. தம்பி அதை என்னிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை, இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது.

கோப்பிக்கடையில் பார்த்த தம்பிக்கு: பணம் அனுப்புமுன் அப்பாவுக்கு ஒரு போன் போடுங்கள். இப்போது அவர் காட்டில் கிழங்கு நின்றால், பூ எடுக்கும் சமயத்தில் வாடின இடத்திலிருந்து நாலு செடியைப் பிடுங்கி வேரைப் பார்க்கச் சொல்லுங்கள். மண்வெட்டியையும் செருப்பையும் கழுவிவிட்டுத்தான் அடுத்த காட்டில் கால் வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த மண்ணோடுதான் இது பரவுகிறது.