எந்த ஸ்டீல் என்று சொல்வதற்கு என்ன தயக்கம்?

காருக்கென்று தனியாக எக்ஸாஸ்ட், அதாவது புகை வெளியேறும் குழாய், செய்துகொள்ள முன்வருகிறவரின் முதல் கேள்விக்கே பட்டறைகளில் நேரான பதில் கிடைப்பதில்லை என்பது எனக்குப் பொறுக்க முடியாத எரிச்சலைத் தருகிறது. என்ன உலோகம் என்று கேட்டால் ஸ்டெயின்லெஸ் என்கிறார்கள். எந்தத் தரம் என்று கேட்டாலோ, அவர்களுடைய நாணயத்தையே சந்தேகித்துவிட்டதுபோல் முகம் சுளிக்கிறார்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் தரங்களை எண்களால் குறிப்பார்கள். 409 தரத்தில் குரோமியம் ஏறத்தாழ 11 சதவீதம்தான். அதன் மேற்பரப்பு விரைவிலேயே பழுப்பேறிவிடும். 304-இல் 18 சதவீதக் குரோமியமும் 8 சதவீத நிக்கலும் இருப்பதால் அது நெடுநாள் பளபளப்பாக இருக்கும். 409-ஐ நான் மட்டம் தட்டவில்லை. வெப்பத்தில் அது 304 அளவுக்கு விரிவதில்லை. கார் தயாரிப்பாளர்களே அதைப் பெருமளவு பயன்படுத்துகிறார்கள். அதை மாட்டிவிட்டு 304-க்கான பணத்தை வாங்கிக்கொள்வதைத்தான் ஏமாற்று என்கிறேன். காந்தத்தை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஆறுதல் சொல்கிறவர்கள் உண்டு. 409-இல் காந்தம் ஒட்டும், சரி. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்த மலிவான 201-இலும் 304-ஐப் போலவே காந்தம் ஒட்டாதே, அங்கே வாங்குகிறவர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?

உலோகம் சரியாக இருந்தாலும் வெல்டிங்கில் கெடுத்துவிடுகிறார்கள். ஸ்டெயின்லெஸ் குழாயை இணைக்கும்போது உட்புறத்திலும் ஆர்கான் வாயுவை நிரப்பாவிட்டால், இணைப்பின் பின்பக்கம் கருகிச் சொரசொரப்பாகி, விரிசலுக்கும் துருவுக்கும் அங்கேயே வழி திறந்துவிடும். வெளியே வானவில் நிறத்தில் அழகாகத் தெரிகிற வெல்டிங்கின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை யாரும் காட்டுவதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. குறைந்த தூரமே ஓடும் காரில் குழாய் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடுவதால், அந்த ஈரம் சத்தத்தை அடக்கும் பெட்டியான மஃப்ளருக்குள் தேங்கி உள்ளிருந்தே அரிக்கிறது.

மஃப்ளர் விஷயத்தில் நடப்பது இன்னும் கொடுமை. துளையிட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழையை அடைத்த வகைதான் இன்று எல்லாருக்கும் பரிந்துரைக்கப்படுகிறது. வாயு தடையின்றிச் செல்லும் என்பது உண்மைதான். ஆனால் அந்த இழை உயர் அதிர்வெண் ஒலியை உறிஞ்சும் அளவுக்குத் தாழ்ந்த ஒலியை உறிஞ்சாது என்பதையும், நாளடைவில் அது எரிந்தும் உதிர்ந்தும் போய்ச் சத்தம் கூடிவிடும் என்பதையும் பணம் வாங்குமுன் சொல்கிறவரை நான் இதுவரை சந்திக்கவில்லை. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 100 முறை எரிதல் நிகழ்கிறது. அந்த 100 ஹெர்ட்ஸ் முழக்கம்தான் நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் தலையைக் குடைகிறது. இதற்கு மேல், இரண்டரை அங்குலக் குழாயே தாராளமாகப் போதுமான எஞ்சினுக்கு மூன்று அங்குலத்தைத் திணிக்கிறார்கள். குறுக்குப் பரப்பு 44 சதவீதம் கூடுகிறது, வாயுவின் வேகம் குறைகிறது, இரைச்சல் மட்டும் பெருகுகிறது. நிறுத்திய இடத்தில் எஞ்சினை உறுமவைத்துக் காட்டிவிட்டு, ஒரே சீரான வேகத்தில் ஓட்டிப் பார்க்க விடாமல் சாவியைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள்.

இந்த முழக்கத்துக்குத் தீர்வே இல்லை என்றால்கூட மனம் ஆறும். முனை அடைத்த ஒரு கிளைக்குழாயை, அந்த ஒலியின் அலைநீளத்தில் கால் பங்கு நீளத்துக்கு, அதாவது 100 ஹெர்ட்ஸுக்கு ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வெட்டிப் பக்கவாட்டில் இணைத்தால், அங்கே பட்டுத் திரும்பும் அலை முழக்கத்தைப் பெருமளவு அடக்கிவிடும். வண்டிக்கு அடியில் இடம் ஒதுக்க வேண்டியிருப்பதால் இதை முதலிலேயே திட்டமிடுவதுதான் முறை. இது தெரிந்த பட்டறைக்காரர்கள்கூட ஆரம்பத்தில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, காது வலி தாங்காமல் திரும்பி வருகிறவரிடம் அதையே தனி வேலையாக, தனிக் கூலிக்கு விற்கிறார்கள்.