காலநிலைத் தலைமைத்துவம் படிக்க விரும்புவோருக்கு

காலநிலை மாற்றச் செயல்பாடு, தலைமைத்துவம் ஆகியவற்றை மையமாகக் கொண்ட முதுகலைப் படிப்புகள் இப்போது பல பல்கலைக்கழகங்களில் வந்துவிட்டன. அவற்றில் சேரலாமா என்று என்னிடம் கேட்பவர்களும் பெருகிவிட்டார்கள். பதினோரு ஆண்டுகள் மழைநீர் வடிகால் பொறியாளராக வேலை பார்த்துவிட்டு, அதன் பிறகு இத்தகைய படிப்பொன்றை முடித்தவன் என்ற முறையில் என் கருத்தை இங்கே எழுதுகிறேன். தாராளமாகச் சேருங்கள், ஆனால் உங்கள் தொழிலிலிருந்து எழுந்த கேள்வி ஒன்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.

என் கேள்வி இதுதான். வடிகாலின் அகலத்தைக் கடந்த பல ஆண்டுகளின் மழைப் பதிவை வைத்தே கணக்கிடுவோம். ஆனால் காற்று ஒரு டிகிரி செல்சியஸ் வெப்பமடைந்தால் அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு சுமார் 7 விழுக்காடு கூடுகிறது. அதனால் கொட்டும்போது மழை முன்னைவிடக் கடுமையாகக் கொட்டுகிறது. அப்படியிருக்க, ஐம்பது ஆண்டுகள் நிற்க வேண்டிய வடிகாலை எந்த மழைக்காகக் கட்டுவது? அந்தக் கூடுதல் அகலத்துக்கு யார் பணம் தருவது, யார் பொறுப்பேற்றுக் கையெழுத்திடுவது?

இந்தக் கேள்வியின் முதல் பாதிதான் அறிவியல். அதில் நமக்குப் பெரிய பஞ்சமில்லை. கரியமில வாயு கூடினால் பூமி வெப்பமடையும் என்பதை ஸ்வீடன் அறிவியலாளர் ஸ்வாந்தே அர்ரேனியஸ் 1896-லேயே கணக்கிட்டுக் காட்டினார். அமெரிக்க அறிவியலாளர் சார்ல்ஸ் கீலிங் 1958-இல் ஹவாய்த் தீவின் மவுனா லோவா எரிமலையில் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்காக இருந்த அந்த வாயு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. தெரிந்துகொண்டதற்கும் செய்துமுடிப்பதற்கும் இடையே உள்ள தூரத்தை எப்படிக் கடப்பது என்பதையே இந்தப் படிப்பு கற்றுத்தர வேண்டும். அதைக் கற்றுத்தராவிட்டால் பட்டத்தின் பெயரில் தலைமைத்துவம் என்ற சொல் இருப்பதில் பொருளில்லை.

அந்தத் தூரம் சில நேரம் ஒரே ஒரு சொல்லில் அடங்கியிருக்கும். 2015 டிசம்பரில், புவி வெப்பமடைதலைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் ஒப்பந்தத்தின் இறுதி வரைவு மேசைக்கு வந்தபோது, வளர்ந்த நாடுகளின் உமிழ்வுக் குறைப்பு பற்றிய நான்காம் பிரிவில் ஆங்கிலத்தில் 'ஷுட்' (should) என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ஷால்' (shall) என்று இருந்தது. முன்னது 'செய்வது தகும்' என்ற அளவில் நிற்பது. பின்னது சட்டக் கடமையாகிவிடுவது. கடமை என்றானால் அமெரிக்கா தன் செனட்டின் ஒப்புதலைக் கேட்க வேண்டியிருக்கும், அது கிடைக்கும் நம்பிக்கையும் இல்லை. அரங்கில் நீண்ட நேரம் காத்திருந்த பிறகு, அச்சுப்பிழைத் திருத்தங்களோடு சேர்த்து அந்தச் சொல்லும் மாற்றி வாசிக்கப்பட்டது, ஒப்பந்தம் நிறைவேறியது. இந்த நிகழ்வை வகுப்பில் வரி வரியாகப் படித்த நாளில்தான், பொறியாளர்களாகிய நாங்கள் வெறும் காகித வேலை என்று ஒதுக்கிவைத்த ஒன்றுக்கு எவ்வளவு எடை இருக்கிறது என்பதை நான் உணர்ந்தேன்.

மாதிரிப் பேச்சுவார்த்தை ஒன்றில் என்னைச் சிறு தீவு நாடொன்றின் பிரதிநிதியாக அமர்த்தினார்கள். கடல்மட்ட உயர்வு பற்றிய வரைபடங்களை முறையாக விளக்கி முடித்தேன். நிலக்கரி தோண்டும் நாட்டின் சார்பில் எதிரே அமர்ந்திருந்த மாணவி, "நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். சுரங்கத்தில் வேலை செய்யும் எங்கள் குடும்பங்களுக்கு மறுநாள் காலையில் என்ன வழி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடுவதில்தான் அடுத்த பருவம் முழுவதும் எனக்குக் கழிந்தது. இரண்டு ஆண்டுகளில் நான் கற்றவற்றுள் அதையே முதலாவதாகச் சொல்வேன்.

ஆகவே சேர்வதற்கு முன் பாடத்திட்டத்தை ஊன்றிப் படியுங்கள். நிதியும் சட்டமும் அதில் இருக்கின்றனவா? ஒரு நிறுவனம் எரிக்கும் எரிபொருள், வாங்கும் மின்சாரம் ஆகியவற்றோடு நில்லாமல், அதன் கொள்முதல் முதல் விற்ற பொருளின் பயன்பாடு வரை நீளும் மூன்றாம் வகை உமிழ்வையும் ரசீதுகளை வைத்து மாணவர்களே கணக்கிடும் பயிற்சி உண்டா? பாதிக்கப்பட்ட மக்களோடு சில மாதங்களாவது இருந்து செய்யும் களப்பணி உண்டா? ஊக்கமூட்டும் உரைகளாலேயே நிரம்பிய பாடத்திட்டம் என்றால், அதற்காகக் கடன் வாங்க வேண்டாம் என்றே வெளிப்படையாகச் சொல்வேன். உதவித்தொகை கிடைக்கும்வரை ஓராண்டு காத்திருப்பதில் இழப்பு ஏதுமில்லை.

படிப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகு, அதே வடிகால் கேள்வி மேசைக்கு வந்தது. "இன்னும் பெய்யாத மழைக்கு இன்றே எப்படிச் செலவு செய்வது?" என்று நிதி அதிகாரி கேட்டார். முன்பாக இருந்தால் மழைக் கணக்கை மீண்டும் விளக்கியிருப்பேன். இம்முறை, முந்தைய வெள்ளங்களுக்குப் பின் பழுதுபார்க்கச் செலவிட்ட தொகைகளை ஆண்டுவாரியாக அவர் முன் வைத்தேன். இப்போதைக்கு ஓரளவு அகலப்படுத்துவோம், பின்னாளில் மேலும் விரிக்க இருகரையிலும் கட்டடமில்லாத நிலத்தை ஒதுக்கிவைப்போம் என்ற திட்டத்தையும் கொடுத்தேன். கரையோரம் குடியிருந்தவர்களோடு மூன்று முறை அமர்ந்து பேசி, அவர்கள் சொன்ன இரண்டு மாற்றங்களையும் சேர்த்தோம். ஏழு மாதங்களுக்குப் பிறகு அந்த வரைபடத்தில் அவர் கையெழுத்திட்டார்.