பக்கத்து வீட்டு நல்லவர்

(செல்வம் புதிதாக வெளிநாடு போனவன். ராசு அங்கே பல வருஷமாக இருப்பவர். போனில் பேசுகிறார்கள்.)

செல்வம்: அண்ணே, எனக்கு உடனே வேற வீடு பாத்துக் கொடுங்க.

ராசு: ஏன்டா, கூரை ஒழுகுதா?

செல்வம்: பக்கத்து வீட்டுக்காரர் ரொம்ப நல்லவரா இருக்காரு.

ராசு: அது எப்பேர்ந்து குத்தமாச்சு?

செல்வம்: காரணமே இல்லாம நல்லது பண்றாருண்ணே, பயமா இருக்காதா? குப்பைத் தொட்டியைத் தெருவோரம் வெச்சுட்டுப் படுத்தேன். காலையில பாத்தா தொட்டியைத் திருப்பி, என் காரை விட்டுத் தள்ளி வெச்சிருக்காரு. போதாததுக்கு, நான் பையில கட்டி அழகா முடிச்சுப் போட்டிருந்த பழைய பேப்பரையும் பாட்டிலையும் தொட்டியிலேயே பிரிச்சுக் கொட்டிட்டு, பையை மட்டும் எடுத்துட்டுப் போயிட்டாரு. பைத் திருடன்!

ராசு: உங்க தெரு லாரியில ஆள் இறங்கித் தூக்குறாங்களா, லாரியே இரும்புக் கையை நீட்டுதா?

செல்வம்: கைதான் நீட்டுது.

ராசு: அப்ப அந்தக் கை நுழைய இடம் வேணாமா? தொட்டிக்கும் காருக்கும் நடுவுல ஒரு மீட்டராவது விடணும். கை நீட்டுற லாரின்னா பெரும்பாலும் சக்கரம் வீட்டுப் பக்கம், மூடி திறக்கிறது தெருப் பக்கம். மாத்தி வெச்சா மூடி ஒடியும், இல்லாட்டி எடுக்காமலே போயிடுவான். பை சமாச்சாரம் அதைவிட மோசம். குப்பை பிரிக்கிற மெஷின்ல வரிசையா உருளை சுத்தும். பாலிதீன் போய் அதுல தலைமுடி மாதிரி சுத்திக்கும். மெஷினை நிறுத்தி, ஆள் உள்ளே இறங்கிக் கத்தியால அறுத்தெடுக்கணும். ரீசைக்கிள் தொட்டியில எதையும் பையில கட்டாம சும்மா கொட்டு.

செல்வம்: வாயைத் திறந்து சொல்லலாமில்ல?

ராசு: உன்னை எழுப்ப வேணாம்னு நினைச்சிருப்பாரு.

செல்வம்: மிக்சியைப் போட்டப்ப மட்டும் வாயைத் திறந்தாரு. அது ‘ஊ...ம்’னு அழுதுச்சு, கருகின வாசனை வந்துச்சு. ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கிட்டாரு. இத்தனைக்கும் அடாப்டர் போட்டுத்தான் சொருகினேன்.

ராசு: அடாப்டர் பிளக்கோட வடிவத்தைத்தான்டா மாத்தும், வோல்டேஜை மாத்தாது. உன் மிக்சி 230 வோல்ட், அங்க சுவத்துல வர்றது 120. மோட்டார் சுத்த முடியாம திணறிச் சூடாயிடும். போன் சார்ஜரைத் திருப்பிப் பாரு, 100-240னு போட்டிருக்கும். அதுக்கு அடாப்டர் போதும். மிக்சிக்கு வோல்டேஜைக் கூட்டுற டிரான்ஸ்ஃபார்மர் வேணும். 750 வாட் மிக்சியா இருந்தாலும் கிளம்புறப்ப அதிகமா இழுக்கும், அதனால 1500 வாட்டுக்குக் குறையாம வாங்கு.

செல்வம்: அவரே பரண்லேர்ந்து ஒண்ணு இறக்கிக் கொடுத்தாரு. ரெண்டு கையாலதான் தூக்க முடிஞ்சுது. வாடகை எவ்வளவுன்னு கேட்டேன், முகம் சுருங்கிப் போச்சு.

ராசு: சுருங்காம? அந்த ஊர்க்காரருக்கு டிரான்ஸ்ஃபார்மர் எதுக்குன்னு யோசிச்சியா? அவரும் ஒருகாலத்துல பெட்டியோட வந்து இறங்கினவராத்தான் இருக்கணும்.

செல்வம்: சரி, ராத்திரி மூணு மணிக்கு ஏணியோட கதவைத் தட்டினாரே, அதுக்கு என்ன சொல்றீங்க? கூரையில ஒரு வட்ட டப்பா நிமிஷத்துக்கு ஒருக்கா ‘கீச்’சுங்குது. துண்டைச் சுத்திக் கட்டினேன், அப்பவும் அடங்கல.

ராசு: அது புகை அலாரம்டா! பலமா ‘பீப் பீப் பீப்’னு திரும்பத் திரும்ப அலறினா புகைன்னு அர்த்தம், எல்லாத்தையும் போட்டுட்டு வெளியே ஓடணும். நிமிஷத்துக்கு ஒருக்கா ஒரே ஒரு ‘கீச்’சுன்னா பெரும்பாலும் பேட்டரி தேஞ்சுபோச்சு. துண்டைக் கட்டினா நிஜமாவே புகை வர்றப்ப அதுக்கு எட்டாது, நீ தூங்கிக்கிட்டே இருப்பே.

செல்வம்: பகலெல்லாம் சும்மாத்தானே இருந்துச்சு?

ராசு: ராத்திரி வீடு குளிர்றப்ப, தேஞ்ச பேட்டரியில வோல்டேஜ் இன்னும் இறங்கும். அதான் ஊர் அடங்கினப்புறம் ஆரம்பிக்குது. கழட்டிப் பின்னால பாரு, தயாரிச்ச தேதி இருக்கும். 10 வருஷம் தாண்டியிருந்தா அலாரத்தையே மாத்தித் தரச் சொல்லி வீட்டு ஓனர்கிட்ட கேளு. ஏணியைத் திருப்பிக் கொடுத்துட்டியா?

செல்வம்: அவர் வெளியூர் போயிருக்காரு. சாவியை என்கிட்ட கொடுத்து, செடிக்குத் தண்ணி ஊத்தச் சொன்னாரு. இப்ப அங்கதான் நிக்கிறேன்.

ராசு: நல்லது. வாடகை கேக்குறதை விட்டுட்டு இதை ஒழுங்கா செய். என்ன செடி?

செல்வம்: குண்டு குண்டா, முள்ளு முள்ளா எட்டு தொட்டி. எனக்கு எவ்வளவு செஞ்சிருக்காரு! காலையில ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம்.

ராசு: கள்ளிச்செடிக்கா? ஆத்துல போட்டாலும் அளந்து போடும்பாங்க, நீ தொட்டியில ஊத்தறதை அளக்கலையேடா! அடித்தட்டுல நிக்கிற தண்ணியை மொதல்ல கொட்டு. தண்டோட அடியை அமுக்கிப் பாரு. கெட்டியா இருந்தா பிழைச்சுக்கும். வெளியே எடுத்து, கறுத்துக் குழைஞ்ச வேரை வெட்டிட்டு, சில நாள் நிழல்ல காய வெச்சுக் காஞ்ச மண்ல நடு. ஒரு வாரத்துக்குத் தண்ணியைக் கண்ணுலயே காட்டாதே.

செல்வம்: அண்ணே... அமுக்கினேன், விரல் உள்ளே போயிடுச்சு.

ராசு: அவர் வந்ததும் ஒளிக்காம சொல்லிடு. திட்டினா வாங்கிக்கோ.

செல்வம்: திட்ட மாட்டாருண்ணே. புதுசா ஒரு தொட்டியைக் கையில கொடுத்து, எப்படித் தண்ணி ஊத்தணும்னு பொறுமையா சொல்லிக் கொடுப்பாரு. அதை நினைச்சாத்தான் நடுங்குது.