மத்தியானச் சாப்பாட்டையாவது விட்டுவையுங்கள்

பல்கலைக்கழக ஊழியர்களுக்கும் 12.30 மணிக்குப் பசிக்கும் என்பது மனிதவளப் பிரிவுக்குத் தெரியாதா, தெரிந்தேதான் அந்த நேரமாகப் பார்த்து 'நலவாழ்வு' வகுப்பை வைக்கிறார்களா? விருப்பமிருந்தால் வரலாம் என்றுதான் மின்னஞ்சல் சொல்லும். அப்புறம் மேலதிகாரி வந்து, "நம்ம பிரிவிலிருந்து யார் யார் போறீங்க?" என்பார். போகாமல் இருந்து பாருங்கள், தெரியும்.

போன வாரம் சர்க்கரையைக் குறைப்பது பற்றி. 2023 டிசம்பர் கடைசியிலிருந்து சிங்கப்பூரில் கடையில் கலக்கும் பானங்களுக்கும் நியூட்ரி-கிரேடு (சர்க்கரை, நிறைகொழுப்பு அளவைப் பார்த்து ஏ முதல் டி வரை போடும் தரக்குறி) உண்டு, சி, டி என்றால் விலைப்பட்டியலில் காட்டியாக வேண்டும். இதெல்லாம் காண்டீன் அக்காவுக்கே அத்துப்படி. நான் குடிப்பதே தே ஓ கோசோங், பாலும் சர்க்கரையும் இல்லாத வெறும் தேநீர். அதில் எதைக் குறைப்பது? இத்தனையும் சொல்லிவிட்டு, வந்தவர்களுக்குக் கொடுத்த பெந்தோ சாப்பாட்டுப் பெட்டியோடு இனிப்பான செவ்வந்திப்பூ தேநீர்ப் பொட்டலம் வேறு! பெந்தோவும் ஆறி, சோறு விறைத்துக் கிடந்தது. அதையும் மடியில் வைத்துக்கொண்டு, பேச்சாளர் பார்க்காத நேரத்தில்தான் வாயில் போட வேண்டும்.

மூன்று மணிக்கு வையுங்களேன், ஓடி வருகிறேன் என்றேன். அது வேலை நேரமாம், முடியாதாம்.