வேலிக்கு ஓணான் சாட்சி

போன ஞாயிற்றுக்கிழமை மர்பி டவுன் அக்கா தன் மகனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அல்சூருக்குக் குடிவருவதற்கு முன் நாங்கள் பக்கத்துப் பக்கத்து வீடு. அந்தத் தம்பி கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், உள்ளே சர்டிபிகேட். தங்க நிற முத்திரை, ஹாலோகிராம், இரண்டு கையெழுத்து, மூலையில் கியூஆர் கோடு. 'சர்வதேச அங்கீகாரம் பெற்ற' சேஃப்டி டிப்ளமோ. மூன்று மாத வகுப்புக்கு 68,000 ரூபாய். அக்கா வளையலை அடகு வைத்துக் கட்டிய பணம். வளைகுடா வேலைக்கு ஆள் எடுத்தவர்கள் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இது செல்லாது, வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

"சீல் எல்லாம் இருக்கே, எப்படிச் செல்லாமப் போகும்?" என்று அக்கா என்னிடம் கேட்டார். எனக்கு உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை.

பெங்களூரில் 12 வருடமாக ஹெச்ஆர் வேலையில் இருக்கிறேன். வேலைக்கு வருகிறவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்ப்பது என் அன்றாடம். அதனால் அன்றைக்கு இரவே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் கியூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் தம்பியின் பெயரும் பதிவு எண்ணும் அழகாக வந்தன. அதைப் பார்த்துத்தான் அவனும் நம்பியிருக்கிறான். ஆனால் வந்தது பயிற்சி நிலையத்தின் சொந்த இணையதளம். சான்றிதழை அச்சடித்தவரே அந்தக் கோடையும் அச்சடித்திருக்கிறார். அது எங்கே போய் நிற்க வேண்டும் என்பதும் அவர் முடிவு. சரி, அங்கீகாரம் கொடுத்தவர் யார் என்று போனேன். பெயரில் லண்டனும் இருந்தது, இன்டர்நேஷனலும் இருந்தது. 20 ஆண்டு அனுபவம் என்று போட்டிருந்தார்கள். பிரிட்டனில் கம்பெனிகளின் பதிவு விவரத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம், கம்பெனீஸ் ஹவுஸ் என்று தேடினால் கிடைக்கும். பார்த்தால், அந்த அமைப்பு பதிவாகி மூன்று வருடம்கூட ஆகவில்லை. அதன் தளத்தில் 'எங்களை அங்கீகரித்தவர்கள்' என்று இன்னொரு அமைப்பின் லோகோ. அந்த இன்னொரு அமைப்பின் பக்கத்துக்குப் போனால், தங்களை அங்கீகரித்தது முதல் அமைப்புதான் என்று எழுதியிருக்கிறது.

வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி. இரவு ஒரு மணிக்கு அதைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. அந்த வட்டத்துக்குள் போன 68,000 ரூபாயில் அக்காவின் வளையல் இருக்கிறது.

அந்த நிலையத்தின் விளம்பரத் தாளையும் தம்பி கொண்டுவந்திருந்தான். அதில் இருந்த ஒவ்வொரு அடையாளத்தையும் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் மாரத்தஹள்ளி, பிடிஎம் லேஅவுட் பக்கம் எத்தனையோ போர்டுகளில் இதே அடையாளங்களைப் பார்த்திருக்கிறேன்.

'இந்திய அரசு எம்எஸ்எம்இ பதிவு பெற்றது' என்று முதல் வரி. இது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவு. ஆதாரும் பான் எண்ணும் வைத்து ஆன்லைனில் இலவசமாகச் செய்துகொள்வது. விவரங்களை நாமே சொல்கிறோம், எண் வருகிறது. ஊறுகாய் போடுகிறவரும் வாங்கலாம், வாங்கவும் வேண்டும். பாடம் நன்றாக நடத்துகிறார்களா என்று அந்தப் பதிவுக்காக யாரும் வந்து பார்ப்பதில்லை.

அடுத்தது ஐஎஸ்ஓ 9001. ஜெனீவாவில் இருக்கும் ஐஎஸ்ஓ அமைப்பு தரநிலைகளை எழுதுகிறது, அவ்வளவுதான். யாருக்கும் அது சான்றிதழ் கொடுப்பதில்லை. கொடுப்பவை தனிச் சான்றிதழ் நிறுவனங்கள். அந்த நிறுவனங்களைத் தணிக்கை செய்து அங்கீகரிக்க, நம் நாட்டில் இந்தியத் தரக் கவுன்சிலின் கீழ் என்ஏபிசிபி இருக்கிறது. பட்டியல் அதன் தளத்திலேயே உண்டு. அப்படி ஒழுங்கான சான்றிதழாகவே இருந்தாலும், 9001 சொல்வது அந்த அலுவலகத்தின் நிர்வாக முறையைப் பற்றி. தம்பி படித்த பாடத்தைப் பற்றி அதில் ஒரு சொல்கூடக் கிடையாது.

'சிபிடி அக்ரெடிடெட்' என்றும் போட்டிருந்தார்கள். பிரிட்டனிலிருந்து வரும் இந்த முத்திரையைப் பற்றி நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. வேலையில் இருப்பவர்கள் தொடர்ந்து கற்றுக்கொள்வதற்கான ஏற்பாடு சிபிடி. அதற்கு அங்கீகாரம் தர அங்கே ஒரே ஓர் அரசு அமைப்பு என்று கிடையாது, பல தனியார் நிறுவனங்கள் தருகின்றன. சில நல்லவை. ஆனால் அந்த முத்திரை இருப்பதால் மட்டும் ஒரு படிப்பு, அரசுக் கண்காணிப்பில் முறைப்படுத்தப்பட்ட தகுதி ஆகிவிடாது. இங்கிலாந்தில் முறைப்படுத்தப்பட்ட தகுதிகளுக்கு ஆஃப்குவால் என்ற அரசு அமைப்பின் பதிவேடு தனியாக இருக்கிறது.

நிஜமான அமைப்பு எப்படி நடக்கும் என்று தம்பிக்கு விளக்க, வேலையிடப் பாதுகாப்புத் தேர்வுகள் நடத்தும் நெபோஷையே எடுத்துக்கொண்டேன், அவன் துறை என்பதால். 1979இல் பிரிட்டனில் தொடங்கியது. பாடம் நடத்துவது பயிற்சி நிலையம். தேர்வு வைப்பதும் சான்றிதழ் தருவதும் நெபோஷ். எந்த நிலையம் தன் பங்குதாரர் என்பதை அதுவே தன் தளத்தில் போட்டிருக்கிறது. ஐடி ஆட்களுக்குத் தெரிந்த, திட்ட மேலாண்மைக்கான பிஎம்பி சான்றிதழும் அப்படித்தான். மல்லேஸ்வரத்தில் கோச்சிங் போகலாம், பிஎம்பி பட்டத்தைத் தருவது பிஎம்ஐ என்ற அமைப்பு மட்டும். நடத்துகிற கை வேறு, மார்க் போடுகிற கை வேறு. தம்பி படித்த இடத்தில் பணம் வாங்கியவர், பாடம் நடத்தியவர், கேள்வித்தாள் எடுத்தவர், பாஸ் போட்டவர் எல்லாரும் ஒருவரே. வகுப்பில் சேர்ந்த 30 பேரும் பாஸ்.

உள்நாட்டில் தொழில் பயிற்சி என்றால், அதை ஒழுங்குபடுத்த 2018இல் அறிவிக்கப்பட்ட மத்திய அரசு அமைப்பு என்சிவிஇடி இருக்கிறது. தேசியத் தகுதிப் பதிவேட்டில் படிப்பின் பெயரைப் போட்டால் எந்த நிலை, யார் சான்றிதழ் தருகிறார்கள் என்று வரும். பயிற்சி நிலையம் அனுப்பும் லிங்க்கைத் தட்டாதீர்கள். அமைப்பின் தளத்துக்கு நீங்களாகப் போய், அங்கிருந்து கீழே இறங்கி வாருங்கள். அதற்கும் முன்னால், நீங்கள் போக நினைக்கும் வேலையின் விளம்பரங்கள் பத்தை எடுத்து, அதில் எந்தச் சான்றிதழைப் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். தம்பி இதைச் செய்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அங்கீகாரம் இல்லாத பயிற்சி எல்லாம் மோசம் என்று நான் சொல்லவே மாட்டேன். சிவாஜிநகரில் எனக்கு டேலி என்ற கணக்கு மென்பொருளைச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் ஒரு துண்டுத் தாள்கூடத் தந்ததில்லை. "வேலை கத்துக்க வா, சர்டிபிகேட்டுக்கு வராதே" என்று முதல் நாளே சொன்னார். அவர் கற்றுத் தந்ததில்தான் என் முதல் சம்பளம். இல்லாததை இருப்பதாகச் சொல்லிக் காசு வாங்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதுவும் இது பாதுகாப்புப் படிப்பு. சாரத்தில் ஏறுகிறவன் உயிர் இந்தப் பையன் கற்றதை நம்பி இருக்கப்போகிறது.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டோம். ரசீது, விளம்பரத் தாள், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் தம்பி பத்திரமாக வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. சென்னை தரமணியில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் நடத்தும் தொழில் பாதுகாப்பு மேல்பட்டயப் படிப்பின் விவரங்களை இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம் பக்கம் இருக்கிறவர்கள், பிள்ளைகளை எந்தக் கோர்ஸிலாவது சேர்க்கப் போகிறீர்கள் என்றால், பணம் கட்டுவதற்கு முன் அந்த விளம்பரத் தாளை எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பேன், நேரிலும் வரலாம். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.