குரல் ஏறினால் கேள்வி ஆகிவிடுமா?

நேற்று முழுவதும் சுற்றிவந்த அந்தக் காணொளியைப் பற்றித்தான் எழுதுகிறேன். தன் ஆய்வை ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கிய ஓர் இளம்பெண்ணின் பேச்சிலிருந்து வாக்கிய முடிவுகளை மட்டும் வெட்டியெடுத்து, குரல் மேலேறும் இடங்களிலெல்லாம் திரையில் கேள்விக்குறி போட்டுச் சிரித்திருக்கிறார்கள். என் நண்பர்களே அதைப் பகிர்ந்திருப்பதைப் பார்த்தபோது மனம் கசந்துபோனது.

ஏறிய குரலெல்லாம் கேள்வி அல்ல. "இதுவரை புரிந்ததா, இன்னும் சொல்ல இருக்கிறது, கூடவே வாருங்கள்" என்று கேட்பவரைப் பிடித்துவைத்துக்கொள்ளவும் ஆங்கிலத்தில் குரல் ஏறும். சிட்னி மக்களின் பேச்சில் இந்த ஏற்றத்தை ஆராய்ந்து 1986இலேயே கட்டுரை வந்துவிட்டது. இந்த ஏற்றத்துக்கு 'அப்டாக்' என்ற பெயர்தான் 1993இல் நியூயார்க் டைம்ஸில் ஜேம்ஸ் கோர்மன் எழுதிய பிறகு பரவியது. பெல்ஃபாஸ்ட், கிளாஸ்கோ நகரங்களின் ஆங்கிலத்தில் சாதாரணக் கூற்றுகளே ஏறுகுரலில் முடிகின்றன. அதை வட்டார வழக்கு என்று மரியாதையாகச் சொல்கிறோம். இளம்பெண் பேசினால் மட்டும் அது குறைபாடாகிவிடுகிறது.

எனக்கும் இது நடந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரண்டு வாரம் உட்கார்ந்து சரிபார்த்த கணக்கை ஒரு கூட்டத்தில் ஆங்கிலத்தில் வாசித்தேன். மூன்றாவது வாக்கியம் முடிவதற்குள் மேலதிகாரி பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "நீங்கள் சொல்கிறீர்களா, எங்களைக் கேட்கிறீர்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் கீழே அழுத்தி அழுத்தி வாசித்தேன். கையிலிருந்த தாள் நடுங்கியது. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவும் இல்லை.

"கேட்கவே எரிச்சலாக இருக்கிறதே" என்பீர்கள். இருக்கட்டும், எரிச்சல் உங்களுடையது. "நேர்காணலில் தன்னம்பிக்கை இல்லாதவர் என்று நினைத்துவிடுவார்களே" என்று அக்கறையோடு சொல்பவர்களுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். நினைக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் தப்பாகக் கேட்பவரை விட்டுவிட்டுப் பேசுபவரையே திருத்துவது என்ன நியாயம்? தெற்குக் கலிஃபோர்னிய ஆங்கிலத்தை ஆராய்ந்து 2013இல் முடிவுகளை வெளியிட்டவர்கள், ஆண்களும் பெண்களும் இப்படிப் பேசுவதையும், கேள்வியில் முன்னதாகவே தொடங்கும் ஏற்றம் கூற்றில் சற்றுத் தாமதமாகத் தொடங்குவதையும் காட்டினார்கள். வேறுபாடு குரலிலேயே இருக்கிறது. காது கொடுத்தால் கேட்கும்.

அறியாமையால்தான் குரல் ஏறுகிறது என்று இன்னும் சொல்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவின் 'ஜெபர்டி' வினாடிவினா நிகழ்ச்சியை ஆராய்ந்த தாமஸ் லின்னமன், வெற்றி பெறப் பெற ஆண்களிடம் இந்த ஏற்றம் குறைவதையும், பெண்களிடம் அதுவே கூடுவதையும் 2013இல் எழுதினார். ஜெயித்துக்கொண்டிருக்கும் பெண்தான் பேச்சை மேலும் பணிவாக்கிக்கொள்கிறாள். அந்த வரியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. உறுதியாகப் பேசினால் திமிர் என்பதும், பணிந்து பேசினால் தயக்கம் என்பதும் ஒரே வாயிலிருந்துதான் வருகின்றன.

அந்தக் காணொளியைப் பகிர்ந்த நண்பர்கள் எல்லோருடைய பதிவுகளையும் இன்று காலை பொறுமையாகப் படித்தேன். அந்தப் பெண் எதைக் கண்டுபிடித்தார் என்று ஒருவர்கூட எழுதவில்லை.